பட்டறை ஊரில் ஒரு பள்ளி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறுதலில் வந்திருக்கும் தலைமையாசிரியர், தொழிற்கல்விப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெற்றோர், இந்த மூன்று பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் பள்ளியைச் சுற்றி ஃபவுண்டரி எனப்படும் வார்ப்பாலை, லேத் என்னும் கடைசல் பட்டறை, பனியன் கம்பெனி, விசைத்தறி எல்லாம் இருக்கின்றன. காலை ஷிஃப்டுக்குப் போகிற அப்பாவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஆனால் அப்பா செய்யும் வேலையைப் பற்றி வகுப்பறையில் ஒரு சொல் பேசப்படுவதில்லை. பத்தாவதில் தவறிய பையனும் பன்னிரண்டாவதை நிறுத்திய பெண்ணும் ஹெல்ப்பராகவோ பீஸ் ரேட்டுக்கோ அதே கம்பெனிகளுக்குள் போய்ச் சேர்கிறார்கள். இன்னொரு பக்கம், டிராயிங் பார்த்து வேலை செய்யத் தெரிந்த ஃபிட்டருக்கும் கணினி இயக்கும் மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் சிஎன்சி செட்டருக்கும் 'ஆட்கள் தேவை' பலகை பட்டறை வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் ஓட்டக் கற்றுத்தருவது பள்ளியின் முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. மெஷின் மாறிக்கொண்டே இருக்கும், புது மெஷினைக் கம்பெனியே பழக்கிவிடும். துல்லியமாக அளப்பது, வரைபடம் படிப்பது, கணக்கைக் கையில் இருக்கும் பொருளோடு சேர்த்துப் பார்ப்பது, இந்த மூன்றும் பள்ளிப் பருவத்தில் பிடிபட வேண்டியவை. இவை இல்லாதவர் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் ஆப்பரேட்டராகவே நின்றுவிடுகிறார். இவை இருப்பவர் செட்டராகிறார், சூப்பர்வைசராகிறார், சிலர் சொந்தப் பட்டறையும் போடுகிறார்கள்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் செய்ய வேண்டிய வேலை இது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் எல்லோரிடமும் ஒரு தாள் கொடுத்து, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், அங்கே என்ன தயாராகிறது என்று எழுதி வரச் சொல்லுங்கள். 'கம்பெனி வேலை' என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பிக் கொடுங்கள். கட்டிங்கா, ஓவர்லாக்கா, செக்கிங்கா? மோல்டிங்கா, ஃபினிஷிங்கா? பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். தன் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பல பிள்ளைகளுக்கு அன்றுதான் முழுசாகத் தெரியவரும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுத் தகவலையும் விடாமல் வாங்குங்கள். இந்த ஊரின் அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களில் அவர்களும் அடக்கம்.

தாள்கள் வந்ததும் பள்ளியை நடுவில் வைத்து ஒரு பெரிய வரைபடம் போடுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் தறி நிறைய வரும். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி என்றால் லேத்தும் பம்ப் உதிரிப் பாகங்களும். குறிச்சி என்றால் சிட்கோ தொழிற்பேட்டை. பள்ளியில் எந்தப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தருவது என்பதை இந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். வேறு மாவட்டத்தில் நன்றாக ஓடிய திட்டத்தை அப்படியே கொண்டுவந்து இறக்க வேண்டாம்.

பள்ளியும் பட்டறையும் சேர்ந்து வளர்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. பழுது பார்த்தவர்கள் மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பித்தார்கள். கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தார். பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மோட்டாரும் பம்பும் தயாராயின. ஒரு பட்டறை முதலாளியிடம் போய் "எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அவருடைய தொழிலே அப்படித்தான் வளர்ந்தது.

அளவில் தொடங்குங்கள்

தனி நிதியோ தனி அனுமதியோ தேவைப்படாத படி இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீச்சிற்றளவு (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு), சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதும் கருவி சுழியைக் காட்டாத பிழை) எல்லாம் அதில் இருக்கின்றன. பெரும்பாலான பள்ளிகளில் என்ன நடக்கிறது? கருவி பீரோவில் இருக்கும், வாய்பாடு கரும்பலகையில் இருக்கும். பிள்ளைகள் தேர்வுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இதை மாற்றுங்கள். பக்கத்துப் பட்டறையில் ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட், புஷ், பேரிங் என்று ஒரு பை நிறைய வாங்கி வாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டை எடுத்து அளக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் அதே துண்டை அளக்கட்டும். இரண்டு அளவும் வேறுபட்டால் ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அதன்பின் டாலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பைச் சொல்லுங்கள். டிராயிங்கில் 25 மி.மீ., கூடக் குறைய 0.02 மி.மீ. வரை போகலாம் என்று போட்டிருக்கிறது. கையில் இருக்கும் ஷாஃப்ட் 25.03 இருக்கிறது. பாடப்புத்தக வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., அதில் அளந்தால் 25 என்றுதான் காட்டும், 'சரி' என்று அனுப்பிவிடுவோம். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதில் பார்த்தால்தான் அது ரிஜெக்ட் என்று தெரியும். மீச்சிற்றளவு என்ற பாடம் எதற்காக இருக்கிறது என்று இந்த ஒரு துண்டு இரும்பு புரியவைத்துவிடும்.

கணக்கு ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சேராவிட்டால் இந்த முயற்சி பாதியில் நின்றுவிடும். அவருக்குச் சில உதாரணங்கள் தருகிறேன்.

லேத்தில் டேப்பர், அதாவது ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் சரிந்து வரும் துண்டு கடைய வேண்டும். பெரிய முனை 40 மி.மீ., சிறிய முனை 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை பாகை திருப்ப வேண்டும்? விட்ட வித்தியாசத்தில் பாதி 5, அதை 50-ஆல் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன்ஜன்ட் 0.1 என்று அட்டவணையில் பார்த்தால் ஏறக்குறைய 5 பாகை 43 கலை (நிமிடம்). "முக்கோணவியல் எதுக்கு சார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இது போதும்.

ஃபவுண்டரி இருக்கும் ஊர் என்றால் சதவீதத்தை அங்கிருந்து எடுங்கள். வார்ப்பிரும்பு குளிரும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். 300 மி.மீ. பம்ப் உறை வேண்டுமானால் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) 303 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் எந்திரத்தில் கடைந்தெடுக்கவும் கொஞ்சம் விட வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, பேசாத வீடு குறைவு. துணியில் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி எடை போட்டு, கிராமில் வருவதை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.6 கிராம் என்றால் 160. அந்த வட்டத்தின் ஆரம் என்ன? 100-ஐ π (பை, 3.14) என்ற எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5.64 செ.மீ. காம்பஸை வைத்து அட்டையில் வட்டம் வரைந்து வெட்டி, வீட்டுப் பழைய பனியனில் சோதித்துப் பார்க்கலாம்.

பம்ப் என்றால் இயற்பியல். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரம் ஏற்ற 294 வாட் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த செயல்திறன் 40 சதவீதம் என்றால் மின்சாரம் 735 வாட் இழுக்கும், கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறன். தோட்டத்தில் மோட்டார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை மறக்கமாட்டார்கள்.

வரைபடம் படிப்பதற்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒரு தீப்பெட்டி, ஒரு நட்டு, ஒரு குழாய் மூட்டு. முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என மூன்று தோற்றங்களையும் கையால் வரையட்டும். பிறகு ஒருவர் வரைந்ததை இன்னொருவரிடம் கொடுத்து, பொருளைப் பார்க்காமல் களிமண்ணிலோ சோப்பிலோ செய்யச் சொல்லுங்கள். வரைந்ததில் எந்த அளவு விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். கை பழகியபின் ஹைடெக் லேபில் ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுக்கலாம். உங்கள் பள்ளியில் மாணவர்கள் கருவிகளோடு செய்து பார்க்கும் அடல் டிங்கரிங் லேப் இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பூட்டிய அறையில் 3டி பிரிண்டர் தூசி படிந்து கிடக்கக் கூடாது.

பட்டறைக் கதவைத் தட்டும்போது

பணம் கேட்டுப் போகாதீர்கள். சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புச் செலவுக் கடமை நிறுவனச் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்களுக்குத்தான். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். உங்கள் தெருவில் ஜாப் ஆர்டர் எடுத்து ஓட்டும் பட்டறைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவரிடம் நன்கொடை கேட்டால் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: ரிஜெக்ட் துண்டுகள், பழைய டிராயிங்குகள், தேய்ந்த கேஜ்கள் (அளவு சரிபார்க்கும் கருவிகள்), மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய சீனியர் ஃபிட்டரின் ஒரு மணி நேரம். பணம் தேவைப்பட்டால் அதற்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் 2022 முதல் இருக்கிறது. கொடுப்பவரை அந்த வழியில் அனுப்புங்கள், ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள்.

பள்ளிக்கு வரும் ஃபிட்டரையோ கட்டிங் மாஸ்டரையோ ஆசிரியர்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "அண்ணா, சொல்லுங்க" என்று வகுப்பில் முன்னால் உட்கார வையுங்கள். அவர் ஒரு மாணவரின் தந்தையாக இருந்தால் இன்னும் நல்லது.

தொழிற்சாலைப் பார்வையிடல் என்று இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகளைப் பெரிய கம்பெனிக்குக் கூட்டிப்போய் வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. ஆறு முதல் எட்டுப் பேரைச் சின்னப் பட்டறைக்கு அனுப்புங்கள். கையில் மூன்று கேள்விகள் போதும்: இது எந்தப் பொருளின் பாகம்? மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? சரியாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அந்தப் பட்டறையின் தரம் முழுக்க இருக்கிறது. பிள்ளைகள் திரும்பி வந்து அதை வகுப்பில் விளக்கட்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாத குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை உள்ள வளரிளம் பருவத்தினரைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான செய்முறைகள் உள்ள வேலைகளில் சேர்க்கக்கூடாது. பட்டறைக்குப் போகும் பிள்ளை பார்க்கவும் அளக்கவும் கேட்கவும் போகிறது. உற்பத்தியில் கை வைக்கக்கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். கூடவே ஓர் ஆசிரியர், பெண் பிள்ளைகள் போனால் ஓர் ஆசிரியை, எப்போதும் இருக்க வேண்டும்.

செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சுழலும் மெஷின் அருகே கையுறை போடக்கூடாது, லேத்தில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். இதைப் பள்ளியிலேயே சொல்லிப் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துப் போனது 'சுமங்கலித் திட்டம்'. வெவ்வேறு பெயர்களில் அதே வகை அழைப்பு இன்னும் வரலாம். ஆள் அனுப்பச் சொல்லி ஏஜெண்ட் யாராவது பள்ளிக்கு வந்தால், படிப்பை நிறுத்தாமல் என்ன கற்றுத்தருவீர்கள், என்ன சான்றிதழ் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவரை உள்ளே விடாதீர்கள். எந்தப் பள்ளியும் ஆள்பிடிக்கும் இடமாகிவிடக் கூடாது.

வொக்கேஷனல் குரூப் யாருக்கு?

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், செவிலியம் என்று நல்ல பாடங்கள் இருக்கின்றன. கெட்டுப்போனது சேர்க்கை முறைதான். அதிக மதிப்பெண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப், மிச்சம் இருப்பவர்களுக்கு வொக்கேஷனல். ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பணியிடம் நிரம்பாமல் பாடமே மூடப்பட்ட பள்ளிகளும் உண்டு. அந்தக் காலியிடத்துக்காக நீங்கள் மேலாண்மைக் குழுத் தீர்மானம் போட்டுத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

சேர்க்கையைப் பொறுத்தவரை ஒன்று செய்து பாருங்கள். மே மாதம் விண்ணப்பம் கொடுக்கும் முன், அளவீட்டுப் பயிற்சியில் ஆர்வம் காட்டிய பிள்ளைகளை மதிப்பெண் பாராமல் கூப்பிட்டு, பெற்றோர் முன்னிலையில் பேசுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய நான்கைந்து பேர் விரும்பி இந்தப் பிரிவுக்கு வந்துவிட்டால், அடுத்த வருடம் அதைப் பற்றிய பேச்சே மாறிவிடும். பெண் பிள்ளைகளை ஆடை வடிவமைப்பில் மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். மின்னணுவியலும் இயந்திரவியலும் அவர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும்.

"ஐடிஐ போனா அத்தோட முடிஞ்சுதா?"

பெற்றோரின் பயம் இதுதான். இதற்குப் பதிலாகப் பள்ளிச் சுவரில் ஒரு படம் வரைந்துவையுங்கள். பத்தாவது முடித்து ஐடிஐயில் இரண்டு ஆண்டுப் பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவரும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு. வேலையோடு கற்க விரும்புகிறவருக்கு 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி தொழில் பழகுநர் பயிற்சி, உதவித்தொகையோடு. எந்தப் பாதையும் அடைபடவில்லை என்று பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும்.

71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது எது என்று பார்த்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போங்கள். பழைய ஐடிஐ ஷெட்டை நினைத்து முகம் சுளிக்கும் பெற்றோரையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டல் வகுப்புகள் இருக்கின்றன, அவற்றில் உள்ளூர்த் தொழில்களைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்பவர்களுக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பிள்ளைகள் அலையாமல் பள்ளியிலேயே எடுத்துக்கொடுங்கள்.

சம்பளச் சீட்டும் ஒரு பாடம்

திறமையைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் அனுப்பினால் பிள்ளை ஏமாந்துவிடும். பிளஸ் டூவில் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால் பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். "பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கையில் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அதில் எதை இழக்கிறோம் என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் அம்மாக்களின் கணக்கையும் இதே வகுப்பில் எடுக்கலாம்.

பதிவேடு

கடைசியாக ஒரு நோட்டு. பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எங்கே சேர்ந்தார், என்ன படிப்பு அல்லது என்ன வேலை, சம்பளம், பி.எஃப். உண்டா, மேலே படிக்கிறாரா. செப்டம்பரில் ஒருமுறை, மறுபடியும் ஏப்ரலில் ஒருமுறை போன் செய்யுங்கள். மூன்று வருடம் விடாமல் எழுதினால் எந்தப் பட்டறை நன்றாகக் கற்றுத்தருகிறது, எங்கே பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஓடிவந்துவிடுகிறார்கள் என்பது தெரியும். அடுத்த வருடம் யாரிடம் அனுப்புவது, யாரிடம் அனுப்பக்கூடாது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம். 2024-இல் மாற்றியமைக்கப்பட்ட மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. போன் செய்யும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஆசிரியர் கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அவர்களிடம் உண்மையைச் சொல்வார்கள்.

தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது இந்த நோட்டும் வரைபடமும் வீட்டுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. சாவி, பணப் பதிவேடு ஆகியவற்றோடு இவற்றையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.